மேதாவிடம் யார் சொல்வது?

"பொண்ணுக்குப் பதினாறு வயசாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கப் போறேள்? இன்னிக்கே சொல்லிடுங்கோ," என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தாள் ஆஷா.

"நான் மட்டுமா மறைச்சேன்? பெத்தவ நீதானே, நீயே சொல்லேன்," என்றார் சேஷன்.

"பெத்தவளாப் போனதாலதான் வாய் வரலை. கேட்டா குழந்தை உடைஞ்சு போயிடுவா, கேட்டேளா?"

பதறாதீர்கள், நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. மேதா அவர்கள் பெற்ற பெண்தான். மூக்கு அப்படியே சேஷனுடையது, பாவம். மறைத்த சங்கதி வேறு. அவளுக்குப் பாட வராது. சுத்தமாக வராது.

தப்பு வலியசாலைத் தெருவின் மேல்தான். நவராத்திரிக்கு எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும், வந்த பெண் குழந்தையை "ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்காமல் அங்கே யாருக்கும் சுண்டல் கொடுக்கக் கை வராது. மேதாவுக்கு ஆறு வயதில் எதிர்வீட்டுத் தங்கம் மாமி கேட்டாள், குழந்தையும் பாடியது. "சரஸ்வதி கடாட்சம்!" என்று மாமி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அன்றோடு மேதா 'நம்ம தெருப் பாட்டுக்காரி' ஆகிவிட்டாள்.

ஆறு வயதில் ஏதோ சுமாராகத்தான் பாடினாள். பாடப் பாட எவருக்கும் கொஞ்சமாவது தேறும்; இவளுக்கோ வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. போன நவராத்திரியில் அவள் மேலே ஒரு பிடி பிடித்தபோது மாமியின் பேரன் தூளியில் அலறிக்கொண்டு எழுந்தான். மாமியோ கண்ணை மூடித் தலையாட்டி, "எந்தொரு ஸ்ருதி சுத்தம்!" என்று இன்னொரு கரண்டி சுண்டல் போட்டாள்.

வீட்டில் மட்டும் அந்தப் பெண் ஒரு வரி முணுமுணுக்க மாட்டாள். தொண்டையைப் பத்திரப்படுத்துகிறாளாக்கும் என்று ஆஷா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒன்பது நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கலாம். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கலோத்ஸவம். மேதா தானாகவே போய்ப் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். ஜட்ஜுகள் வெளியாட்கள். பின்வரிசைப் பையன்கள் கூவ ஆரம்பித்தால் கிழக்கே கோட்டை வரை கேட்கும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க மொபைலில் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் அந்தக் குழந்தை தலைநிமிர்ந்து வெளியே போவது எப்படி?

சேஷன் நைசாக எதிர்வீட்டுக்குப் போனார். "மாமி, ஆரம்பிச்சு வெச்சது நீங்கதான். நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கோளேன்."

"எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்டா சேஷா! காலம்பற பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்திருக்கேன்."

"அவ ஜெயிக்கணும்னா?"

"இல்லைடா. அவளுக்குத் தொண்டை கட்டிக்கணும்னு."

பிள்ளையாரும் கைவிட்ட மாதிரிதான் இருந்தது. மேதா தன் அறையில் தெம்பாகப் பட்டுப்பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சேஷன் போய் வாசற்படியில் நின்றார். ஆபீஸில் இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பிலும் நேராக 'முடியாது' என்று எழுதியறியாத மனுஷன்.

"மேதாக்குட்டி, நாளைக்குப் போகாட்டா என்ன?"

"ஏம்ப்பா?"

"மழை வரும்போல இருக்கு."

"ஆடிட்டோரியத்துக்குள்ளயாக்கும் பாட்டு."

"அடுத்த வாரம் பிசிக்ஸ் டெஸ்ட் வேற வரதே?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்பா, மென்னு முழுங்காதே. என்ன விஷயம்?"

ஊர் கூவி அழவைப்பதற்கு முன்னால் நாமே அழவைத்துவிடலாம் என்று சேஷன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"உனக்குப் பாட வராதும்மா. நன்னாயிருக்குன்னு நாங்க சொன்னதெல்லாம் பொய். நான், உங்கம்மா, மாமி, தெருவில ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாரும் பொய்தான் சொன்னோம். மன்னிச்சுடு."

கண்ணைத் திறந்து பார்த்தார். மேதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

போச்சு. ஐயோ, குழந்தையை இப்படிப் போட்டு உடைத்துவிட்டேனே என்று அவர் கிட்டே ஓடினார். "அழாதேடி, என் தங்கமே, எனக்கு மனசுக்கு ரொம்ப வெஷமமா இருக்கு," என்று அவள் கையைப் பிடித்து விலக்கினார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஜலம் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள்.

"என்னடி இது? பைத்தியமா உனக்கு?"

"ஜட்ஜாவது நிஜத்தைச் சொல்லுவார்னுதான்ப்பா பேர் குடுத்தேன். நீ முந்திண்டுட்டே!"

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"என்னப்பா தெரியும்? எதைப் பாடினாலும் நன்னாயிருக்கு, எப்படிப் பாடினாலும் நன்னாயிருக்கு. எனக்கு நிஜமா என்ன வரும், என்ன வராதுன்னு நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"அதுக்காக?"

"வேணும்னே வருஷா வருஷம் இன்னும் மோசமாப் பாடிப் பார்த்தேன்ப்பா, ஒருத்தராவது 'போதும்'னு சொல்லணுமே!"