பாதி மைக்

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். "அண்ணா, மறுபடியும் ஓரமா போயிட்டே. வாய் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். பக்கத்துல என்ன பேயா நிக்குது?" தரையில் அவள் கறுப்பு டேப்பால் ஒட்டிய பெருக்கல் குறியை அவன் குனிந்து பார்க்கிறான். கால்கள் அதற்கு ஒரு சாண் இடப்புறம் இருக்கின்றன. இது ஏழாவது தடவை. நாடே கொண்டாடிய ராக் குழுவில் பதினெட்டு வருஷம் அவனும் நண்பனும் ஒரே மைக்கில் கன்னம் உரசப் பாடியவர்கள். சண்டை போட்டு வெளியே வந்து, தனி ஆல்பத்தில் தன் குரல் மட்டும்தான் என்று பத்திரிகைக்காரர்களிடம் வீறாப்பாகச் சொல்லியாயிற்று. கால்களுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. தொண்டையைச் செருமுகிறான், கிதார் பட்டையை இழுத்துவிடுகிறான், இரண்டு காலையும் குறியின் மேல் அழுத்தி ஊன்றுகிறான். சிவப்பு விளக்கு எரிகிறது. தரையைப் பார்த்தபடியே கடைசி வரி வரை பாடி முடிக்கிறான். தங்கை கட்டைவிரலை உயர்த்துகிறாள். "பிரமாதம்! இதுதான். வெளிய வா, டீ குடிக்கலாம்." அவன் அசையவில்லை. பதினெட்டு வருஷமாக இன்னொருவனின் வியர்வை ஒட்டிய வலது தோளில் ஏசிக் காற்று சில்லென்று படுகிறது. "இன்னொரு தடவை பாடிடறேன்." "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?" சிவப்பு விளக்கு மறுபடி எரியும்போது குறிக்கு ஒரு சாண் இடப்புறம் நிற்கிறான். இந்தத் தடவை தெரிந்தேதான்.