மூன்றாவது தட்டு

அந்த ஓசூர் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆனால் தானாக இயங்கும் அந்த வீடு தினமும் மூன்று தட்டு வைத்தது. அதைச் சரிசெய்ய வந்த நஸ்ரினுக்கோ, பழுதைவிட அந்த மூன்றாவது ஆள் யாரென்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகம்.

வீட்டை நடத்தும் நிரலைத் திறந்தாள். கணவன் பரிதி எழுதிய வரிகளிலும் மனைவி கௌமுதி எழுதிய வரிகளிலும் கௌமுதி என்ற ஒரே பெயர்தான் இருந்தது. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், நீங்க 'கெ' போட்டுப் பக்கத்துல 'ள' அடிச்சிருக்கீங்க. மேடம் 'கௌ'ன்னு ஒரே எழுத்தா அடிச்சிருக்காங்க. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. வீட்டுக்கு ரெண்டு பொம்பளைங்க."

"ஒண்ணை அழிச்சிடுங்க" என்றான் பரிதி.

"இருங்க, ரெண்டு பேருக்கும் என்ன பிடிக்கும்னு பார்த்துட்டு அழிக்கலாம்."

நஸ்ரின் வாசித்தாள். பரிதி எழுதிய கெளமுதிக்குப் பாகற்காய் பிடிக்கும், ஏசி பதினெட்டில் இருக்க வேண்டும், சாப்பிடும்போது பேச்சுச் சத்தம் கூடாது. மனைவி தானே எழுதிய கௌமுதிக்குப் பாகற்காயும் ஆகாது, குளிரும் ஆகாது. சாப்பிடும்போது யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

"எந்த மேடத்தை வச்சுக்கறது சார்?"

பரிதி மனைவி பக்கம் திரும்பினான்.

"உனக்குப் பாகற்காய் பிடிக்காதா?"

ஒன்பது வருஷமாக அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற கௌமுதி, விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல என் பேரை ஒழுங்கா அடிங்க. மத்ததைச் சாப்பிடும்போது சொல்றேன்."