பக்கத்து சீட்டு

பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. யாங்கோனின் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை எல்லோர் மடியிலும் கோடு கோடாகப் போடுகிறது. என் பக்கத்தில் எங்கள் தெருவில் மொஹிங்கா மீன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் டோ மியா யீ, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சை அப்பிக்கொண்டு, செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். எல்லை தாண்டிப் போய்விட்ட மகனின் படங்களை எல்லாம் நேற்றே அழித்துவிட்டு நாற்பது புத்தர் படம் ஏற்றியிருக்கிறாள். "பொறந்த புள்ள மாதிரி சுத்தம்டி" என்று என் காதில் பெருமை வேறு. நான்தான் பார்த்துத் தொலைக்கிறேன். திரையின் மேல் மூலையில், கடுகளவு ஒரு சாவிப் படம். தடைசெய்த ஃபேஸ்புக்கைத் திறக்க மகன் போட்டுக்கொடுத்த விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் இதற்காகவே ஒருத்தியை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸில் ஏறிய சிப்பாய் செல்போனை வாங்கிவிடுகிறான். புத்தர்களை ஒவ்வொருவராகத் தள்ளுகிறான். கட்டைவிரல் நிற்கிறது.

"இது என்ன சாவி, பெரியம்மா?"

அவள் இடுப்பில் செருகிய சாவியை உருவி, தூக்கிக் காட்டுகிறாள். "கடைச் சாவிப்பா."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். சிப்பாய் சிரிக்கவில்லை. "எறங்குங்க."

அவள் துணியைச் சரிசெய்தபடி இறங்குகிறாள். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்காலேயே சொல்லும் நான், ஆற்றில் போகும் படகை வெகு அக்கறையாகப் பார்க்கிறேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" சிப்பாய் என் பக்கம் திரும்புகிறான்.

"இல்லப்பா," என்கிறேன். "பக்கத்து சீட்டு."