இருந்த இடத்திலிருந்தே

காட்டில் யாருடைய லினக்ஸ் கணினி மக்கர் பண்ணினாலும் ஆமைக்குத்தான் அழைப்பு வரும். நடந்து நடந்து அதற்குக் கால் தேய்ந்துவிட்டது. அதனால், தூரத்துக் கணினியை இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சரிசெய்ய உதவும் ஒரு மென்பொருளை, காட்டு லினக்ஸில் யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்ட உட்கார்ந்தது.

லேசில் முடியவில்லை. மென்பொருள் ஓடத் தேவையான துணை நிரல்களில் ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் இன்னொன்று முறுக்கிக்கொண்டது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், மென்பொருளை எழுதிய கொக்கு, "புது வெர்ஷன் விட்டாச்சுண்ணே!" என்று உற்சாகமாக வந்து நின்றது. ஆமை பெருமூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

மழைக்காலம் போய் ஒருவழியாகப் பேக்கேஜ் வெளியானது. இனி நடக்க வேண்டாம் என்று ஆமை காலை நீட்டிப் படுத்தது.

போன் அடித்தது. மலையுச்சியிலிருந்து அணில்.

"அண்ணே, உங்க பேக்கேஜ் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது."

"என்ன எரர் வருது?"

"என்னமோ சிவப்பா வருதுண்ணே. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்களேன். இது மட்டும் ஏறிட்டா, அப்புறம் உங்களை நடக்கவே விட மாட்டோம்."

ஆமை கிளம்பியது. பாதி மலை ஏறியபோது தலைக்கு மேலே கொக்கு பறந்து வந்தது.

"அண்ணே, புது வெர்ஷன்..."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருந்தன.