சத்தம் போடுகிற பேனா

அந்தப் பேனா எழுதவில்லை, கீறியது.

மாரீஸ்வரியின் பையில் வழவழவென்று ஓடும் ஜெல் பேனா ஒன்று இருந்தது. அதன் மூடியைக் கழற்றிய சத்தத்திலேயே சாஜன் கண்டுபிடித்துவிட்டான்.

"அது வேண்டாம் மக்கா. இதுல எழுது."

சட்டைப் பையிலிருந்து ஒரு மலிவுப் பேனாவை எடுத்து நீட்டினான். ராசியான பேனாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் மாடி அறை. ஒரு மேசை. ஜன்னலோரம் ஒரு சூப்பர்வைசர். பரீட்சை எழுத வந்திருக்கும், கண் தெரியாத சாஜன். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க அவள்.

அவனுக்கு பி.காம். கடைசி வருடம். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. எழுதிக்கொடுப்பவர் ஒரு படியாவது கீழே படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. 'சொன்னதை மட்டுமே எழுதுவேன்' என்ற தாளில் காலையில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"பாவம்டீ, போன வருஷம் இதே எகனாமிக்ஸ்லதான் போச்சு" என்று சொல்லித்தான் தாராவி ட்யூஷனில் பிரேமலதா டீச்சர் அவளை அனுப்பியிருந்தார். பாக்கி இருப்பது இந்த ஒரு பேப்பர்தான். நாற்பது மார்க் வந்துவிட்டால் விக்ரோலியில் வேலை. ஜூலைக்குள் மார்க்ஷீட்டைக் காட்டாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆறாவது கேள்வி வந்தது. ஒரு பொருளின் விலை ஏறினால் அதன் தேவைக் கோடு என்ன ஆகும்?

சாஜன் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"கோடு இடம் மாறும்" என்றான். ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தைகள்.

தப்பு.

கோடு எங்கேயும் போகாது. நாம்தான் அதன்மேல் ஏறுவோம், இறங்குவோம். ஒரு சாய்ந்த மரத்தில் எறும்பு ஊர்வதுபோல. போன மாதம்தான் அவள் அதைக் கரும்பலகையில் பார்த்தாள்.

சாஜன் எந்தக் கரும்பலகையையும் பார்த்ததில்லை.

ஐந்து மார்க். சூப்பர்வைசர் ஜன்னல் வழியே லோக்கல் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வரி. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் எழுத ஆரம்பித்தாள். கோடு இடம் மாறாது, அதே கோட்டின்மேல்...

பேனா கீறியது. கீறிக்கொண்டே போனது.

"மாரி." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நான் சொன்னது மூணு வார்த்த. நீ என்ன, கதையா எழுதுத?"

அவள் கை நின்றது. காது மடல் சுட்டது.

"அண்ணே, அது வந்து..."

"அரே, சொல்லாத." உள்ளங்கையை உயர்த்தினான். "தப்புன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. இனி எனக்கே ஞாபகம் வந்தாலும் மாத்த முடியாது பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். சிரித்துக்கொண்டு சொன்னான். அவன் நுழைந்திருக்கக்கூடிய ஒரு கதவை, உதவி செய்ய வந்து அவளே சாத்திவிட்டாள்.

எழுதியதை அடித்தாள். அவன் சொன்ன மூன்று வார்த்தைகளை எழுதினாள். பேனா கொஞ்ச தூரம் கீறிவிட்டு நின்றது. அவன் தலையை ஆட்டினான்.

"அடுத்த கேள்வியப் படி."

அதற்குப் பிறகு எது சரி, எது தப்பு என்று அவள் யோசிக்கவில்லை. அவன் சொன்னான், பேனா கீறியது. அவன் நின்றான், பேனாவும் நின்றது. தெரியாத ஊரில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நடந்துபோகும் செருப்புச் சத்தம்போல அது கேட்டது. கடைசிப் பக்கம் வந்தபோது அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிருந்தது.

வெளியே நல்ல வெயில். அவள் முழங்கையைப் பிடித்தபடி சாஜன் படியிறங்கி வந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. என்னால அஞ்சு மார்க் போச்சு."

"தப்பாச் சொன்னது நான். நீ ஏன் அதுக்குப் பங்கு கேக்க? நாப்பது தாண்டிரும். உள்ள இருக்கும்போதே கூட்டிப் பாத்துட்டேன்."

"போன தடவ எவ்வளவுண்ணே?"

"அறுபத்தொண்ணு."

அவள் நின்றுவிட்டாள். அவனும் நிற்க வேண்டியதாயிற்று.

"அப்ப பாஸுல்ல?"

"நான் சொன்னதுக்கு முப்பதுகூட வராது. அன்னைக்கு எழுதுனது என் சித்தி மகன் ரிஜோ. ஜெல் பேனா. சத்தமே வரல." கைத்தடியால் நடைபாதையின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தான். "காலேஜ் ஆபீஸ்ல போய் நானே சொன்னேன். பேப்பர கேன்சல் பண்ணிட்டாங்க. அவன் ஒரு வருஷமா எங்கூட பேசல."

சிக்னலில் வண்டிகள் நின்றன. இருவரும் சாலையைக் கடந்தார்கள். கையிலேயே இருந்த பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"இத எங்கண்ணே தேடிப் பிடிச்சீங்க?"

சாஜன் அதை வாங்கி, ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு கீறி, காது கொடுத்துக் கேட்டான். பிறகு சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"நேத்து ரிஜோ வீட்டுக்கு வந்தான். கை நிறைய பேனா. ஒரு வார்த்த பேசல. என் காதுகிட்ட பேப்பர வச்சு, ஒவ்வொண்ணா கிறுக்கிக் காட்டிக்கிட்டே இருந்தான்."

தாராவி பஸ் வந்து நின்றது.

"பதினொண்ணாவதுதான் இது."