சனிக்கிழமைப் பெயர்கள்

“நாளைக்கும் பாதியில எழுந்து வெளிய போயிடுவியா?” மனைவி லீலா கேட்டாள்.

தேவராஜன் சட்டையை மாட்டினான்.

“பதினெட்டு வருஷமா சபையே பாக்குது. அப்பமும் திராட்சரசமும் குடுக்கற நேரம் வந்தா வாசல்ல போய் நிக்கிறே. அங்க இன்னா வேலை உனக்கு? நாளைக்கு உன் பொண்ணுக்கு முதல் திருவிருந்து. அப்பா பக்கத்துல முட்டி போடணும்னு ஆசையா கீறா.”

“பாஸ்டரைத்தான் பாக்கப் போறேன்.”

மண்ணூர்ப் பக்கத்துச் சின்னச் சபை அது. ஞாயிறு திருவிருந்து எடுப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே போதகரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

“பேரு குடுக்க வரல பாஸ்டர்,” என்றான் தேவராஜன். “ஏன் குடுக்கறதில்லன்னு சொல்ல வந்தேன். நீங்களே எம்பொண்ணுக்கு எடுத்துச் சொல்லணும்.”

“உக்காருங்க.”

“நம்ம சிகாமணியும் நானும் ஒரே கம்பெனி, தகடு அமுக்கற ஒரே பிரஸ் மிஷின். ஒரே சைக்கிள்ல போவோம். எதிர்காத்து அடிச்சா ஆள் மாத்தி ஆள் மிதிப்போம். பின்னாடி உக்காந்துகினு அவன் கீர்த்தனை பாடுவான். சுமாராத்தான் பாடுவான். கேன்டீன்ல முட்டை போட்டா, எனக்குப் பிடிக்கும்னு அவன் மஞ்சக்கருவை என் தட்டுல வெச்சிடுவான்.”

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

“அந்த மிஷினை ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கித்தான் ஓட்டணும். இல்லன்னா விரல் போயிடும். டார்கெட்டை முடிக்கணும்னு நான் ஒரு பட்டனை அமுங்கினபடியே டேப் ஒட்டிட்டேன், ஒரு கையாலயே வேகமா ஓட்டலாம்னு. ஆபீசர் கண்ணுல பட்டுடிச்சி. யார் ஒட்டினதுன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” போதகர் கேட்டார்.

“சிகாமணின்னு சொன்னேன். அவன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான். என்னைப் பாத்தான். ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. மறு மாசம் எனக்கு பர்மனென்ட்.”

“அப்புறம் அவர்கிட்ட பேசினீங்களா?”

“எந்த மூஞ்சை வெச்சிகினு? இன்னிக்கு வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிகினு கீறான். கோயில்ல அவன் முதல் பெஞ்ச், நான் கடைசி பெஞ்ச். அவன் முட்டி போடற எடத்துல நானும் போய்க் கை நீட்டறதா? ஆண்டவரே குடுத்தாலும் என் கை வாங்காது பாஸ்டர்.”

போதகர் மேசை மேலிருந்த நோட்டை அவன் பக்கம் திருப்பினார். நாளைக்கான பட்டியல்.

முதல் வரியில், தேவராஜன். இரண்டாவது வரியில், சிகாமணி.

“நான் பேரே குடுக்கலியே.”

“நான் இங்க வந்த மூணு வருஷமா இப்படித்தான். பழைய நோட்டையும் புரட்டிப் பாத்துட்டேன். பதினெட்டு வருஷமும் இதே ரெண்டு பேர், இதே வரிசை. சிகாமணிதான் ரெண்டையும் எழுதச் சொல்றவர். வராதவர் பேரு எதுக்குங்கன்னு ஒரு தடவை கேட்டேன்.”

“இன்னா சொன்னான்?”

“‘என்னிக்காவது வருவான். அன்னிக்குப் பேரு இல்லன்னு திரும்பிடக் கூடாது பாஸ்டர்’னார்.”