தெற்கு முழுக்க மீன்

அந்த ஆய்வுக் கப்பலில் சொல்லப்படாத விதி ஒன்று இருந்தது: நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் மீனின்றி வெறுமனே மேலேறினால், அதைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. கேப்டன் அதைப் பதிவு செய்வதுமில்லை. வெறுங்கையோடு திரும்பாதவர் என்ற பெயரை அவர் அப்படித்தான் காப்பாற்றி வந்தார்.

மீன் கிடைக்கும் இடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஆய்வாளப் பெண் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"கேப்டன், தெற்குப் பக்கம் தூண்டிலே போடலையா? பதிவே இல்லையே."

"போடாம என்ன? எழுத மறந்திருப்போம்மா."

"நீங்க எழுதாம விட்ட இடத்தை, பக்கத்துல கெடைச்ச மீனை வச்சுக் கம்ப்யூட்டரே நிரப்பிடுது. பாருங்க, தெற்கு முழுக்க மீனாம்!"

கேப்டன் மீசையை நீவிக்கொண்டார். "கம்ப்யூட்டருக்கே என் ராசி தெரிஞ்சிருக்கு!"

"இந்த வரைபடத்தை நம்பி, ஒருத்தர் நாளைக்குப் புதுப் படகோட அங்க போறார்."

"போகட்டுமே! யாரு அந்த ஏமாந்த சோணகிரி?"

"உங்க மாப்பிள்ளைதாம்ப்பா. மாமனார் ராசியை நம்பி, இன்னைக்குக் காலையில வேலையையே விட்டுட்டார்."

கதவருகே நின்ற மாலுமிகள் திகைத்துப் பார்க்க, கேப்டன் அலறினார்:

"அங்க ஒரு பொடி மீன்கூடச் சிக்கலை! தெற்கு முழுக்கப் பூஜ்யம்னு போடு, மகளே!"